சோபா துணியும் தலையில் வைத்த எண்ணெயும்

சோபாத் துணி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மீட்டர் என்ன விலை?" இரண்டாவது கேள்வி, "கறை புடிக்காதுல்ல?"

முதல் கேள்விக்கு வருகிற பதிலைப் பேரம் பேசிக் குறைக்கலாம். இரண்டாவதுக்கு எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். "புடிக்கவே புடிக்காது சார். நீங்களே தண்ணி ஊத்திப் பாருங்க." சொன்ன கையோடு அவரே பாட்டிலைத் திறந்து துணிமேல் கொஞ்சம் ஊற்றுவார். தாமரை இலையில் உருள்கிற மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருளும். குடும்பமே வாயைப் பிளக்கும். அட்வான்ஸ் கை மாறும்.

இந்தத் தண்ணீர் வித்தையில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் சோபா மேல் பச்சைத் தண்ணீர் கொட்டியதற்காக எந்த வீட்டிலும் சண்டை வந்ததில்லை. ஃபேனைப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், பிரச்சினை முடிந்தது. நிஜமான கறைகள் வேறு ஜாதி.

சென்னையில் ஐந்து வருடம் ஓடிய ஏதாவது ஒரு சோபாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலை சாயும் இடத்தில் ஒரு கறுத்த வட்டம். அது தேங்காய் எண்ணெய், சிலர் வீட்டில் சனிக்கிழமை நல்லெண்ணெய். கைப்பிடியின் முனையில் பளபளவென்று ஒரு அழுக்கு. அது வியர்வையும் தோலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து செய்த கூட்டுத் தயாரிப்பு. உட்காரும் இடத்தில் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்களின் சாம்பார் மஞ்சள். ஓரத்தில் பில்டர் காபி. சின்னக் குழந்தை இருக்கிற வீடென்றால் நாலு ஸ்கெட்ச் பேனாக் கோடு. ஒரு வீட்டின் ஐந்தாண்டு நடப்பு அந்தத் துணியில் இருக்கும்.

ஆனால் கறை படியாத துணி பற்றி வெளிநாட்டு இன்டீரியர் புத்தகங்கள் எழுதுவதெல்லாம் ரெட் ஒயினையும் நாயின் சேற்றுக் காலையும் நினைத்துத்தான். அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் சோபா தைத்தால், வராத விருந்தாளிக்குச் சமைத்த கதைதான். துணி தேடும் முன்னால் அந்த வீட்டில் என்னென்ன கொட்டும் என்று ஒரு பேரேடு போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேரேட்டின் முதல் வரி எண்ணெய், இரண்டாவது வரி வியர்வை, மூன்றாவது மஞ்சள். தண்ணீர் கடைசிப் பக்கத்தில்கூட வராது.

இதில் எண்ணெய்தான் பெரிய வில்லன். ஏன் என்று கொஞ்சம் இயற்பியல்.

ஒரு திரவம் துணிமேல் முத்தாக நிற்பதும் பரவி ஊறுவதும் அதன் பரப்பு இழுவிசையைப் பொறுத்த விஷயம். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய், தலை எண்ணெய் எல்லாம் 30 சொச்சம்தான். அதாவது எண்ணெய்க்குப் பிடிமானம் கம்மி, பரவுகிற புத்தி அதிகம். தண்ணீரைத் தள்ளிவிட மெழுகு பூசினால் போதும், சிலிகோன் பூசினால் போதும். எண்ணெயைத் தள்ளிவிட அவை போதாது. அதற்கு இன்னும் 'ஒட்டாத' ஒரு பரப்பு வேண்டும். துணித் தொழிலில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது ஒரே ஒரு குடும்பம், ஃபுளோரின் சேர்ந்த ரசாயனங்கள். தோசைக்கல்லில் இருக்கிற நான்ஸ்டிக் பூச்சின் சொந்தக்காரர்கள்.

அந்தக் குடும்பம் துணிக்குள் வந்த கதை சுவாரசியமானது. 1953-இல் அமெரிக்காவின் 3எம் கம்பெனி ஆய்வகத்தில் விமான எரிபொருள் குழாய்களுக்காக ஒரு ரப்பர் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வில் இருந்த ரசாயனக் கலவை உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் ஷூமேல் சிந்திவிட்டது. எதைப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நாளாக ஆக ஷூ முழுக்க அழுக்காயிற்று, சிந்திய இடம் மட்டும் சுத்தமாகவே இருந்தது. பேட்சி ஷெர்மன் என்ற இளம் வேதியியலாளர் அதைக் கவனித்தார். சாம் ஸ்மித் என்ற சக ஊழியரோடு சேர்ந்து அதைத் துணிக்கான பூச்சாக மாற்றினார். 1956-இல் ஸ்காட்ச்கார்ட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தண்ணீர், எண்ணெய் இரண்டையுமே தள்ளிவிடும் பூச்சு. சோபா, கார்ப்பெட், கார் சீட் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது.

இடைவேளைக்குப் பிறகு வழக்கம்போலக் கதை திரும்பியது. எதுவும் ஒட்டாத அந்தக் குணத்துக்குக் காரணம் கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் நடுவில் இருக்கும் முறிக்கக் கடினமான பிணைப்பு. அதே பிணைப்பினால் அந்த ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடக்கின்றன. மனித ரத்தத்திலும் சேர ஆரம்பித்தன. பிஎஃப்ஏஎஸ் என்பது இந்த மொத்தக் குடும்பத்தின் பெயர். 'நிரந்தர ரசாயனங்கள்' என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்திருப்பதும் இவற்றுக்குத்தான். ஸ்காட்ச்கார்டின் மூலச்சரக்கான பிஎஃப்ஓஎஸ் வகையைக் கைவிடுவதாக 3எம் 2000 மே மாதம் அறிவித்தது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2022 டிசம்பரில், 2025 முடிவதற்குள் பிஎஃப்ஏஎஸ் தயாரிப்பிலிருந்தே விலகிவிடுவதாக 3எம் சொன்னது. கலிபோர்னியாவில் சோபாத் துணி உட்பட வீட்டுத் துணிகளில் இவற்றை வேண்டுமென்றே சேர்த்து விற்பதற்கு 2025 ஜனவரி 1 முதல் தடை. மின்னசோட்டா மாநிலத்தில் அதே நாளிலிருந்து மெத்தை வைத்த மரச்சாமான்களுக்கும், துணிமேல் அடிக்கும் ஸ்ப்ரேக்களுக்கும் தடை.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நல்ல விஷயம்தான். ஆனால் துணி வாங்குகிறவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைகளில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஃபுளோரின் இல்லாத புதுப் பூச்சுகள் தண்ணீரை அழகாக உருட்டும், சிந்திய காபியை உடனே துடைத்தால் விட்டுவிடும், எண்ணெயிடம் மட்டும் தோற்றுப்போகும். அதாவது இந்த ஊர் வீடுகளுக்கு எந்தக் கறைக்குக் காவல் வேண்டுமோ, அந்தக் கறைக்குப் பாதுகாப்பான பூச்சு எதுவும் காவல் நிற்காது. எண்ணெயையும் தள்ளிவிடும் என்று உறுதியாகச் சொல்லி விற்கிற பூச்சு எதுவானாலும், "ஃபுளோரின் இருக்கா?" என்று கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கேட்டலாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ, கம்பெனிக்குப் போன் போட்டோதான் தெரிந்துகொள்ள முடியும். தவழுகிற குழந்தை கடித்துச் சப்புகிற துணி என்றால் அந்த ஒரு போன் காலுக்குச் சோம்பல் படக்கூடாது.

அப்போ எண்ணெய்க்கு என்னதான் வழி? பதில் ரொம்பப் பழசு. சாய்கிற இடத்தில் ஒரு துண்டு.

சிரிக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் தலைமுடிக்கு 'மக்காசர் எண்ணெய்' பூசிக்கொண்டு அலைந்தார்கள் (மக்காசர் என்பது இந்தோனேசியாவில் ஒரு துறைமுகம்). நாற்காலி முதுகெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டுப் பெண்கள் பின்னல் துணி தைத்து நாற்காலிமேல் போட்டார்கள். அதற்குப் பெயரே 'ஆன்ட்டிமக்காசர்', மக்காசர் எதிர்ப்புத் துணி! விமானத்திலும் ரயிலிலும் தலைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் துணி அதன் பேரப்பிள்ளை. அரசு அலுவலகங்களில் அதிகாரியின் சுழல் நாற்காலியில் கிடக்கும் வெள்ளை டர்க்கி டவலும் செய்வது அதே வேலைதான், கூடவே கொஞ்சம் கெத்து காட்டுகிற வேலையும் :) பதினைந்தாயிரம் ரூபாய்த் துணியின் மேல் நூறு ரூபாய்த் துண்டைப் போடுவது அழகைக் கெடுக்கிறது என்று இன்டீரியர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதே துணியிலேயே அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, தலை சாயும் இடத்துக்கு மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி இரண்டு செட் தைக்கச் சொன்னால் அந்தச் சுளிப்பும் இருக்காது.

எனவே கறையே படியாத துணி என்ற கனவை ஓரமாக வைத்துவிட்டு, படிந்த கறை போகிற துணி, நனைந்தால் சீக்கிரம் காய்கிற துணி என்று தேடினால் விஷயம் எளிதாகிவிடும். இங்கே பூச்சைவிட நூலுக்குத்தான் பங்கு அதிகம். பூச்சு துவைக்கத் துவைக்கத் தேயும், உரச உரசப் போகும். நூலின் குணம் கடைசிவரை கூட வரும்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். பாலிபுரோப்பிலீன் கிட்டத்தட்ட பூஜ்யம். காபி கொட்டினால் பருத்தி அதை வேருக்குள் இழுத்துக்கொள்வதும் பாலியஸ்டர் வெளியிலேயே நிறுத்துவதும் இதனால்தான். ஆனால் பாலியஸ்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் ஆகாது, எண்ணெய் என்றால் ஒட்டி உறவாடும். பாலியஸ்டர் சட்டைக் காலரில் அழுக்கு எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று ஹாஸ்டலில் துவைத்துப் பழகிய எல்லோருக்கும் தெரியும். சோபாவிலும் அதே காலர் கதைதான். ஆக நூறு சதவீத பாலியஸ்டர் சோபாவுக்குத் தலைத்துண்டு கட்டாயம். பருத்திச் சோபாவுக்கு உறை மொத்தமும் கழற்றித் துவைக்கிற மாதிரி இருப்பது கட்டாயம்.

மஞ்சள் இந்த இரண்டையும் விடத் தந்திரசாலி. மஞ்சளின் நிறமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரின் தாளிப்பு எண்ணெயே அதற்கு வண்டி பிடித்துக் கொடுத்துத் துணிக்குள் அனுப்பிவைக்கிறது. பதறிப்போய்ச் சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பாகிவிடும். காரத்தன்மை பட்டால் குர்குமின் நிறம் மாறும், குங்குமம் செய்கிற வித்தையும் அதுதான். ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு, வெயில். துவைத்த பிறகும் தங்கிவிட்ட மஞ்சள் கறையை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் பெருமளவு வெளுத்துவிடும். சோபாவைத் தூக்கி மொட்டைமாடியில் வைக்க முடியாது, உறையை மட்டும் கழற்றிக் கொடியில் போடலாம். ஜிப் வைத்த உறைக்கு ஆயிரம் ரூபாய்ப் பூச்சைவிட மதிப்பு அதிகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விலை கட்டுப்படியாகிறவர்கள் யோசிக்கக்கூடிய இன்னொரு வகை, நூலாக நூற்பதற்கு முன்பே சாயம் கலந்த அக்ரிலிக். கோலமாவிலேயே கலர் கலப்பதற்கும், போட்ட வெள்ளைக் கோலத்தின் மேல் கலர் தூவுவதற்கும் உள்ள வித்தியாசம். நிறம் இழையின் நடுவரை இருப்பதால் வெயிலில் லேசில் வெளுக்காது, பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்தாலும் தாங்கும். அமெரிக்காவில் 1961-இல் கடைவாசல் கூடாரத் துணியாகத்தான் சன்பிரெல்லா என்ற பெயரில் இது வந்தது. பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தது. பால்கனி ஊஞ்சலுக்கும் ஜன்னலோரச் சோபாவுக்கும் பொருத்தம்.

சரி, இந்த வம்பே வேண்டாம், ரெக்ஸின் போட்டுத் துடைத்துவிட்டுப் போகலாம் என்கிற கட்சி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். பெரும்பாலும் அப்பாக்கள். (ரெக்ஸின் என்பது உண்மையில் ஒரு பழைய பிரிட்டிஷ் கம்பெனி வைத்த பெயர். டால்டா மாதிரி, ஜெராக்ஸ் மாதிரி, கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.) டிபார்ட்மென்ட் கடையில், கிளினிக்கில், ஆட்டோ சீட்டில் ரெக்ஸின் நியாயமானது. வீட்டில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, மே மாதம் லுங்கியோடு உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதுதான் பணத்தைத் தின்கிறது. 'லெதரைட்', 'லெதர் ஃபினிஷ்' என்று இப்போது விற்பவற்றில் பலவும் பியூ எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு. அதில் மலிவான பாலியஸ்டர் வகை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதையும். உபயோகிக்காமல் மூடி வைத்தாலும் சிதையும். கடலோர ஊர்களில் மூன்று நான்கு வருடத்தில் சோபா செதில் செதிலாக உரிவது இதனால்தான். குழந்தைகள் பிய்த்ததாகத் திட்டு வாங்குவது தனிக்கதை. பிவிசி ரெக்ஸின் இப்படி உரியாது. ஆனால் அதை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மானத்தைத் தலை எண்ணெய் மெல்ல இழுத்துவிடும். முதலில் தலை சாயும் இடம் விறைக்கும், பிறகு வெடிக்கும். ஆக, ரெக்ஸினுக்கும் தலைத்துண்டு வேண்டும். தப்பிக்கவே முடியாது.

ஈரத்தைத் தாங்கும் துணி என்றதும் எல்லோரும் மேலிருந்து வரும் ஈரத்தைத்தான் நினைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஈரம் நாலாபக்கமும் இருந்து வருகிறது. காற்றிலிருந்து, சுவரின் ஓதத்திலிருந்து, உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து. வாட்டர்ப்ரூஃப் துணி போட்டால் வெளியிலிருந்து தண்ணீர் போகாது, சரி. உள்ளே போனது வெளியே வருவது எப்படி? எவ்வளவு நல்ல வாட்டர்ப்ரூஃப் துணியானாலும் அதைத் தைத்துத்தான் ஆக வேண்டும். தையல் என்றால் ஊசி ஓட்டை, ஒரு சோபாவில் ஆயிரக்கணக்கான ஊசி ஓட்டை. ஒரு டம்ளர் தண்ணீர் தையல் வழியே ஃபோமுக்குள் போய்விட்டால், மேலே மூச்சுவிடாத ரெக்ஸின் மூடியிருக்கும்போது அது காய்வதற்கு வழியே இல்லை. ஒரு வாரத்தில் ஈரநாய் வாசனை, அப்புறம் பூஞ்சை. வீட்டில் ஆஸ்துமா இருக்கிறவர்கள் இருந்தால் இது அழகுப் பிரச்சினையோடு நிற்காது. காற்று போய்வருகிற துணியை மேலே போடுவதும், சோபாவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுவதும், குஷன்களை வாரம் ஒருநாள் நிமிர்த்தி வைப்பதும் இதற்குச் செலவில்லாத மருந்து.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையின் தெருமுனைகளில் சோபாக்களும் மெத்தைகளும் குப்பையோடு கிடந்தன. அந்த அளவு தண்ணீருக்கு எந்தத் துணியும் பதில் சொல்லாது. தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் துணிக்குக் கொட்டுகிற பணத்தை மர ஃபிரேமுக்கும் கழற்றுகிற குஷனுக்கும் போடுவது மேல். குஷனையாவது தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடலாம்.

இனி, கடைகளில் யாரும் பேசாத ஒரு ஈரம். வயதானவர்களுக்குச் சிறுநீரை அடக்குவது கஷ்டமாகும். மூட்டுவலியோடு எழுந்து பாத்ரூம் போவதற்குள் கொஞ்சம் கசியும். புது சோபா வந்த வீட்டில், ஹாலில் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்திருக்க, தாத்தா மட்டும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "எனக்கு இதுதாம்ப்பா வசதி" என்பார். எழுந்திருக்க வசதி என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, வந்த முதல் வாரத்தில் யாரோ "பாத்து தாத்தா, துணி மீட்டர் எண்ணூறு ரூவா" என்று சொன்னது. சொன்னவர் மறந்திருப்பார், அவர் மறக்கவில்லை.

கறை படாத துணியின் உண்மையான உபயோகம் இங்கேதான். விருந்தாளியிடம் காட்டிக்கொள்ள இல்லை, வீட்டில் இருக்கிறவர்கள் பயமில்லாமல் உட்கார. இதற்கு விலையுயர்ந்த துணி தேவையில்லை. கைக்குழந்தைகளுக்குப் போடுகிற டிரை ஷீட் இருக்கிறதே, துணி மாதிரி மெத்தென்று இருக்கும், தண்ணீர் கீழே இறங்காது, அந்த ரகத்தில் ஒரு அடியுறையை ஃபோமுக்கும் மேல் உறைக்கும் நடுவில் போட்டுத் தைக்கச் சொல்லலாம். மேல் உறை கழற்றித் துவைக்கிற பருத்திக் கலப்பாக இருக்கட்டும். யாருக்கும் தெரியாமல் கழற்றி, துவைத்து, மறுபடி மாட்டிவிடலாம். 'யாருக்கும் தெரியாமல்' என்பது ரொம்ப முக்கியம். சோபாமேல் பளிச்சென்று ஒரு ரப்பர் ஷீட்டை விரித்து "இங்க உக்காருங்க" என்றால் அவர் பிளாஸ்டிக் நாற்காலிக்கே திரும்பிவிடுவார்.

கொஞ்சம் கணக்கு, காமர்ஸ்காரர்களுக்காக. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு எட்டு மீட்டர் துணி, தையல் கூலி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெறும் உதாரணம், ஊருக்கு ஊர் மாறும்.) மீட்டர் 300 ரூபாய்த் துணி என்றால் மொத்தம் 7,400. மூன்று வருடம் உழைத்தால் வருடத்துக்கு 2,467 ரூபாய். மீட்டர் 800 என்றால் மொத்தம் 11,400. ஏழு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 1,629 தான். துணி மலிவென்று கூலி மலிவாகாது. நேர்கோட்டு முறைத் தேய்மானம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் கவனிக்கவும். ஆனால் இதற்கு எதிர்க்கட்சி வாதமும் உண்டு. அடுத்த வருடம் வீடு மாறப் போகிற வாடகைக்காரருக்கும், இரண்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும் 300 ரூபாய்த் துணியே புத்திசாலித்தனம். ஸ்கெட்ச் பேனாப் பருவம் முடியட்டும், பிறகு நல்ல துணி போடலாம்.

துணி எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்குக் கேட்டலாக் புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். மார்ட்டிண்டேல் என்ற பெயரில், துணியை எத்தனை முறை உரசினால் நூல் அறுகிறது என்ற கணக்கு. தினசரி உபயோகிக்கிற சோபாவுக்கு 25,000 இருந்தால் திருப்தியாகப் போதும். ஒரு லட்சம் என்று போட்டு அதற்குக் கூடுதல் விலை கேட்டால், அந்த எண்ணுக்கும் வீட்டு உபயோகத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கறை நிற்குமா போகுமா என்பதை அது சொல்லவே சொல்லாது. அதைவிட, பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்துதான் முக்கியம். டபிள்யூ என்றால் தண்ணீர் சேர்ந்த கிளீனரால் சுத்தம் செய்யலாம். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, டிரை கிளீன் திரவம் மட்டும். டபிள்யூஎஸ் என்றால் இரண்டும். எக்ஸ் என்றால் வேக்குவம் கிளீனர் தவிர வேறெதையும் காட்டக்கூடாது. எஸ்ஸும் எக்ஸும் போட்ட துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் சாப்பாட்டுத் தட்டோடு டிவி பார்க்கிற வீட்டுக்கு அது ஆகாது.

இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் மறுபடி தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். திறக்கட்டும். ஒரு சாண் அளவு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அதை நாலாக மடித்துக் கட்டம் பிரித்து, ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் சாம்பார், ஒன்றில் காபி. ஒன்று சும்மா இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், ஏனென்றால் நிஜத்தில் யாரும் உடனே துடைப்பதில்லை. காலையில் வீட்டில் வழக்கமாகத் துவைக்கிற அதே சோப்பால் துவைத்து வெயிலில் போடுங்கள். ஓரத்தில் இரண்டு நூலை உருவி, வாஷ்பேசின் பக்கத்தில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்த்தால் 'பியூர் காட்டன்' என்று சொன்னதன் லட்சணமும் தெரிந்துவிடும். பருத்தி பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக உறையும். பருத்தித் துணிதான் என்று முடிவானால், வெட்டுவதற்கு முன்பே மொத்தத் துணியையும் நனைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் உறை சுருங்கி, குஷன் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. தைத்து முடித்ததும் மிச்சத் துணியைத் தையல்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த வருடம் அதே கடையில், அதே நம்பரில், அதே கலர் என்று எடுத்துக் கொடுப்பார்கள். வேறு லாட், வேறு சாயத்தொட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். அரை மீட்டர் மிச்சத்தை மடித்துப் பீரோவில் வையுங்கள், இன்னும் இரண்டு தலைத்துண்டு வரும்.